டெல்ரின் உருகி டூலில் சுற்றுகிறது: பிளாஸ்டிக்குக்கு ஸ்பீடு, ஃபீட் எப்படி வைப்பது?

சிட்கோ தம்பி

வணக்கம். எங்கள் கடையில் எம்எஸ், ஈஎன்8 (இரண்டும் ஸ்டீல் வகை), அலுமினியம்தான் ஓடும். இப்போது நூற்பாலை ஸ்பேர் செய்கிற ஒருவரிடமிருந்து டெல்ரின் (அசிட்டால் என்கிற கடினமான பிளாஸ்டிக்) ஜாப் வந்திருக்கிறது. 20 மி.மீ வெள்ளை பிளேட், நடுவில் 40க்கு 40 பாக்கெட் (குழி), ஆழம் 12, உள்மூலை ஆரம் 3, அளவு கூடக்குறைய 0.05. விஎம்சி (கம்ப்யூட்டரில் ஓடும் மில்லிங் மெஷின்) 8000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை போகும். டூல் 6 மி.மீ, நாலு ஃப்ளூட் (வெட்டுகிற பல்) கார்பைடு, ஸ்டீலுக்கு வாங்கிய கோட்டிங் டூல். "பிளாஸ்டிக், உருகிடும், மெதுவா ஓட்டு" என்று சூப்பர்வைசர் சொன்னதால் 3000 ஆர்பிஎம், ஃபீட் (டூல் முன்னேறும் வேகம்) நிமிடத்துக்கு 150 மி.மீ.

பாதி ஆழம் போவதற்குள் டூலைச் சுற்றி வெள்ளையாக ஒரு கட்டி. சுவர் முழுக்க இழை இழையாகப் பிசிறு. கண் எரிகிற வாடை வேறு. இறக்கியதும் அளந்தால் 40.02, மறுநாள் காலையில் க்யூசி (தரச் சோதனை) அளந்தால் 39.94. இன்னும் மெதுவாக ஓட்டு என்கிறார் சூப்பர்வைசர். 2000க்கு இறக்கினால் சரியாகுமா?

டூல்ரூம் பெரியவர்

இறக்காதீங்க தம்பி, ஏத்துங்க.

கணக்கைப் பாருங்கள். 3000 சுற்று, நாலு பல், நிமிடத்துக்கு 12,000 வெட்டு. ஃபீட் 150ஐ அதால் வகுத்தால் ஒரு பல்லுக்கு 0.0125 மி.மீ. நீங்கள் போட்டது கோட்டிங் டூல், அதுவும் ஸ்டீலில் ஓடியது. அதன் வெட்டுமுனை உருண்டையே கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வந்திருக்கும். அப்போது பல் மெட்டீரியலுக்குள் இறங்காது, மேலே தேய்த்துக்கொண்டு போகும். தேய்த்தால் சூடு. ஸ்டீலில் அந்தச் சூடு ஜாப் முழுக்கப் பரவிவிடும், பிளாஸ்டிக்கில் பரவாது. வெப்பக் கடத்தல் ஸ்டீலுக்கு 50 என்றால் டெல்ரினுக்கு 0.3 பக்கம்தான். சூடு வெட்டுகிற இடத்திலேயே நிற்கிறது, டெல்ரின் 175 டிகிரியில் உருகுகிறது, உருகியது டூலில் ஒட்டுகிறது, ஒட்டியது இன்னும் தேய்க்கிறது.

சூடு வெளியேற இங்கே ஒரே வழி சில்லுதான். சில்லு தடிமனாக வந்தால் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும், மாவாக வந்தால் சூடு ஜாப்பில் தங்கிவிடும். அதனால் பிளாஸ்டிக் என்றால் நான் முதலில் பார்ப்பது ஒரு பல்லுக்கு எவ்வளவு ஃபீட் என்பதைத்தான், ஆர்பிஎம் அதற்கப்புறம். ஆர்பிஎம்மை மட்டும் 2000 ஆக்கி ஃபீடை 150லேயே விட்டால்கூட 0.019 வரும், இப்போதைக்குச் சற்றுத் தேவலை. ஆனால் "மெதுவா" என்று சொல்கிறவர்கள் ஃபீடையும் சேர்த்தே இறக்குவார்கள், அங்கேதான் கெடுகிறது.

டூலை மாற்றுங்கள். அலுமினியத்துக்கு வருகிற, கோட்டிங் இல்லாத, பாலிஷ் போட்ட ரெண்டு ஃப்ளூட் அல்லது ஒற்றை ஃப்ளூட். ஸ்டீலில் ஓடாத புது டூலாக இருக்கட்டும். 8000 ஆர்பிஎம் வையுங்கள், 6 மி.மீ டூலுக்கு அது நிமிடத்துக்கு 150 மீட்டர். டெல்ரினுக்கு 300, 400 மீட்டர் கூடத் தாங்கும், ஆனால் உங்கள் ஸ்பிண்டில் அதற்குமேல் போகாது, பரவாயில்லை. பல்லுக்கு 0.1 வைத்தால் ரெண்டு ஃப்ளூட்டுக்கு ஃபீட் 1600. ஆழம் 6 மி.மீ, பக்கவாட்டில் டூலில் பாதி. சுவரில் 0.3 விட்டுவிட்டு கடைசியில் ஒரே பாஸில் ஃபினிஷ். நேராகக் குத்தி இறக்க வேண்டாம், சரிவாக ரேம்ப் கொடுங்கள்.

சிட்கோ தம்பி

1600ஆ!! சூப்பர்வைசர் என்னைக் கேட்டைத் தாண்டி வெளியே போட்டுவிடுவார்.

டூல்ரூம் பெரியவர்

ஒரு வேஸ்ட் துண்டில் ஓட்டி அவரைப் பக்கத்தில் நிற்க வையுங்கள். வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

மைக்ரான் பைத்தியம்

அந்த 39.94 பற்றி யாரும் பேசவில்லையே. அது டூல் தேய்ந்ததாலோ ஆஃப்செட் தப்பாலோ வந்ததில்லை. டெல்ரின் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 110 மைக்ரான் விரியும், ஸ்டீல் 12 மைக்ரான்தான். 40 மி.மீ பாக்கெட், ஜாப் சூடு 18 டிகிரி கூட என்று வைத்தால் 0.08 மி.மீ. உங்கள் 40.02க்கும் 39.94க்கும் நடுவில் இருப்பது அதே 0.08தான். சூட்டில் பிளேட்டோடு சேர்ந்து பாக்கெட்டும் பெரிதாகும், ஆறினால் சுருங்கும். உள்ளளவு என்றால் மெட்டீரியல் உள்பக்கமாக விரிந்து ஓட்டை சின்னதாகும் என்று பல பேர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை.

ஆகவே ரஃபிங் (முதல் முரட்டு வெட்டு) முடித்து ஆற விடுங்கள். கிளாம்பைத் தளர்த்தி, மறுபடி லேசாகப் பிடித்து, அப்புறம் ஃபினிஷ். தளர்த்தச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிளேட்டுக்குள் இறுக்கம் இருக்கும், நடுவில் அவ்வளவு மெட்டீரியலை எடுத்தால் அது வில்லாக வளையும். வைஸில் கட்டியபடியே ஃபினிஷ் செய்தால் அங்கே அளவு சரியாகக் காட்டும், கழற்றியதும் போய்விடும். வெர்னியரை அழுத்திப் பிடித்து அளப்பதும் வேண்டாம், பிளாஸ்டிக் அமுங்கிவிடும்.

இரவு ஷிஃப்ட்

இவ்வளவு எதற்கு? கூலன்ட்டைத் திறந்துவிட்டால் சூடும் இல்லை, விரிவும் இல்லை. நாங்கள் எல்லாப் பிளாஸ்டிக்கையும் ஃபுல் கூலன்ட்டில்தான் ஓட்டுகிறோம்.

டூல்ரூம் பெரியவர்

டெல்ரினுக்கு ஊற்றினால் ஒன்றும் ஆகாது, டிரில்லிங்குக்கு நல்லதுகூட. ஆனால் ஒரு பல்லுக்கு 0.0125 வைத்துக்கொண்டு கூலன்ட் ஊற்றினால் தேய்ப்பது நிற்காது, உருகியது உறைந்து பிசிறாக நிற்கும், அவ்வளவுதான். எல்லாப் பிளாஸ்டிக்குக்கும் ஊற்றலாம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாலிகார்பனேட்டுக்கு ஊற்றிப் பார்த்திருக்கிறீர்களா?

இரவு ஷிஃப்ட்

மெஷின் கார்டு (பாதுகாப்பு மூடி) ஷீட் ஓட்டியிருக்கிறோம். அன்றைக்கு நன்றாகத்தான் போனது.

அக்ரிலிக் அக்கா

அன்றைக்கு நன்றாகத்தான் போகும். போல்ட் போட்டு இறுக்கி வாரக்கணக்கில் நின்ற பிறகு ஓட்டையைச் சுற்றி நட்சத்திர விரிசல் வரும். எனக்கு வந்த ஒரு ரீவொர்க் அப்படித்தான், எல்லா ஓட்டையிலும் விரிசல், வேறு கடையில் கூலன்ட்டில் ஓட்டிய ஷீட். பாலிகார்பனேட், அக்ரிலிக் மாதிரி கண்ணாடி வகைப் பிளாஸ்டிக்குக்கு உள்ளே இறுக்கம் இருக்கும்போது கெமிக்கல் பட்டால் பிளந்துகொள்ளும். கூலன்ட் எண்ணெயில் இருக்கிற அமீன், பெயின்ட் தின்னர், சில லாக்டைட் (திருகு ஒட்டும் பசை) வகைகள் எல்லாம் அதில் சேர்த்தி. இவற்றுக்குக் காற்று மட்டும்தான். ரொம்ப வேண்டுமென்றால் வெறும் தண்ணீர்.

நான் போர்டு வேலைக்கு ரௌட்டரில் அக்ரிலிக் வெட்டுகிறேன், எங்கள் பக்கத்துக் கதை உங்களுக்கு நேர் எதிர். விஎம்சியில் ஸ்பீடு போதாது, எங்களுக்கு ஸ்பீடு ஜாஸ்தி. ரௌட்டர் ஸ்பிண்டில் 18,000ல் சுற்றும், கீழே இறக்கினால் டார்க் இருக்காது. அதில் ஆபரேட்டர் பயந்துகொண்டு 800 ஃபீட் வைப்பார். ஒற்றை ஃப்ளூட்டுக்கு சுற்றுக்கு 0.044. டூல் முன்னால் வெட்டிக்கொண்டே போகும், பின்னால் உருகிய சில்லு அதே காடியில் விழுந்து ஒட்டிக்கொள்ளும். ஷீட்டைத் தூக்கினால் வெட்டிய துண்டு கீழே விழாது! மறுபடி பற்றவைத்துக்கொண்டு நிற்கும். ஃபீடை 2500 பக்கம் கொண்டு போனால் அதே டூலில் விளிம்பு பளிச்சென்று வரும்.

இதில் மெட்டீரியலும் முக்கியம். காஸ்ட் அக்ரிலிக் நன்றாக வெட்டும், எக்ஸ்ட்ரூடட் சீக்கிரம் இளகிக் கட்டிக்கொள்ளும். ரெண்டும் பார்க்க ஒன்றுதான், விலையில் தெரியும். கடையில் கேட்டு வாங்குங்கள், மேலே ஒட்டிய பேப்பரைக் கிழித்த பிறகு சண்டை போட முடியாது.

சிட்கோ தம்பி

அக்கா, அக்ரிலிக்கில் டிரில் போட்டால் அடியில் பிளந்துகொள்கிறதே, அதுவும் ஸ்பீடு பிரச்சினையா?

அக்ரிலிக் அக்கா

அது டிரில் முனைப் பிரச்சினை. சாதாரண டிரில்லின் ஹெலிக்ஸ் (சுருள் காடி) மெட்டீரியலைக் கொக்கி போட்டு இழுக்கும். அடிப்பக்கம் வெளியே வருகிற நேரம் ஒரே இழுப்பு, துண்டு கையோடு வரும். வெட்டு விளிம்பின் முன்பக்கத்தைக் கல்லில் தொட்டு மட்டமாக்குங்கள், ரேக் (வெட்டு முகத்தின் சாய்வு) பூஜ்யம் ஆக வேண்டும். முனைக் கோணத்தை 118ல் இருந்து 90க்குக் கீழே கொண்டுவந்தால் இன்னும் நல்லது. அடியில் ஒரு வேஸ்ட் அக்ரிலிக்கை வைத்துப் பிடித்துக்கொண்டு துளையிடுங்கள். அப்புறம் தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள். டிரில் போட்ட சூட்டில் உள்ளே இறுக்கம் இருக்கும், தின்னர் பட்டதும் முடி முடியாகக் கீறல் ஓடும். ஒட்டுகிற வேலை இருந்தால் 80 டிகிரி ஓவனில் சில மணி நேரம் வைத்து, ஓவனுக்குள்ளேயே ஆற விட்டு எடுக்கிறேன்.

ஓசூர் டர்னர்

மில்லிங்காரர்களே பேசினால் எப்படி. லேத்தில் நைலான் ராடு ஓட்டுகிறவன் பாட்டைக் கேளுங்கள். டயா 50 காஸ்ட் நைலான். உருகுவது எல்லாம் எனக்குப் பிரச்சினையே இல்லை, 1600 ஆர்பிஎம், சுற்றுக்கு 0.3 ஃபீட், அலுமினியம் இன்சர்ட், பாலிஷ் முகம், மெழுகு மாதிரி வெட்டுகிறது. பிரச்சினை சுருள். உடையவே உடையாது. ஒரே நீளக் கயிறாக வந்து சக்கில் (ஜாப்பைப் பிடிக்கும் தலை) சுற்றி, ஜாப்பில் சுற்றி, ஃபினிஷ் பண்ணின இடத்தில் கோடு போட்டுவிடுகிறது. கையால் இழுக்கவே கூடாது என்று புதுப் பையன்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. நைலான் சுருள் விரலில் சுற்றினால் அறுந்து விடாது, விரலைத்தான் கொண்டு போகும்.

ஃபீடைக் கூட்டினாலும் உடையாது, தடிமனான கயிறாக வரும், அவ்வளவுதான். நான் செய்வது இதுதான்: ரஃபிங்குக்கு முன் ராடின் நீளவாக்கில் ஒரு காடி போடுகிறேன். ஷேப்பரிலோ மில்லிங்கிலோ, ஆழம் ஃபினிஷ் அளவுக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கிற மாதிரி. ஒவ்வொரு சுற்றிலும் டூல் அந்தக் காடிக்கு வந்ததும் சில்லு அறுந்து விழும். சிஎன்சியில் ஓட்டுகிறவர்கள் ஃபீடை நடுநடுவில் ஒரு கணம் நிறுத்தி எடுக்கிற மாதிரி ப்ரோக்ராம் எழுதிக்கொள்ளலாம், ஆனால் ஃபினிஷ் பாஸில் வேண்டாம், வளையம் விழும்.

மைக்ரான் பைத்தியம்

காடி யோசனை அருமை. ஆனால் புஷ் (ஷாஃப்ட் சுற்றுகிற குழாய்த் துண்டு) என்றால் சக் பிடிப்பையும் சொல்லுங்கள். மூணு ஜா (பிடிக்கும் தாடை) சக்கில் மெல்லிய நைலான் புஷ்ஷை இறுக்கி போர் அடித்தால் (உள்துளையைக் கடைந்தால்) உள்ளே இருக்கும்போது வட்டம், கழற்றினால் முக்கோணம். ஜா பிடித்த மூணு இடத்திலும் அளவு கூடியிருக்கும். சாஃப்ட் ஜாவை ஜாப் டயாவுக்கே போர் அடித்து, சுற்றி முழுக்கப் பிடிக்கிற மாதிரி வைத்தால்தான் இது போகும். ஹைட்ராலிக் சக் என்றால் பிரஷரைக் குறைத்தே ஆக வேண்டும்.

இரவு ஷிஃப்ட்

நைலான் புஷ்ஷை வெந்நீரில் வேக வைத்தால் அளவு நிலைக்கும் என்று ஒரு பெரியவர் சொன்னார். உண்மையா, கட்டுக்கதையா?

டூல்ரூம் பெரியவர்

உண்மைதான், ஆனால் எதற்கு என்று தெரிந்து செய்ய வேண்டும். நைலான் தண்ணீர் குடிக்கும். நைலான் 6 முழுக்க ஊறினால் எடையில் 9 சதவீதம் வரை போகும், டெல்ரின் ஒரு சதவீதத்துக்குள் நின்றுவிடும். சாதாரணக் காற்று ஈரத்திலேயே நைலான் ரெண்டரை, மூணு சதவீதம் வரை எடுக்கும். அதனால் 50 மி.மீக்கு கால் மி.மீ அளவுக்கு வளரும். காய்ந்த ராடில் மைக்ரான் பார்த்துப் போர் அடித்து அனுப்பினால் ஹவுசிங்கில் இறுக்கி மாட்டிய புஷ் வெளியே வளர இடமில்லாமல் உள்பக்கமாக வளர்ந்து மழைக்காலத்தில் ஷாஃப்ட்டைப் பிடித்துக்கொள்ளும். வெந்நீரில் வைப்பது அந்தத் தண்ணீரை முன்கூட்டியே குடிக்க வைப்பதற்கு, மெட்டீரியலும் உடையாமல் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஆனால் ரஃபிங் முடித்து, வைத்து எடுத்து, அப்புறம் ஃபினிஷ். ஃபினிஷ் முடித்த புஷ்ஷை வேக வைத்தால் அளவு எங்கேயோ போய் நிற்கும். டைட் அளவு வேண்டும் என்றால் நைலானை விட்டுவிட்டு டெல்ரின் கொடுங்கள் என்று கஸ்டமரிடம் பேசுவதுதான் என் வழக்கம்.

ஓசூர் டர்னர்

கஸ்டமர் டிராயிங்கில் நைலான் என்று போட்டுவிட்டால் பேச்சு எடுபடாது சார்.

மைக்ரான் பைத்தியம்

டெஃப்லான் ஓட்டுகிறவர்கள் யாராவது இருந்தால் ஒரு எச்சரிக்கை. பிடிஎஃப்இ (டெஃப்லானின் கெமிக்கல் பெயர்) 19 டிகிரியில் உள்ளமைப்பு மாறும், கன அளவு ஒரு சதவீதத்துக்கு மேல் குதிக்கும். நம் ஊர்க் கடை 32, 33 டிகிரியில் இருக்கும். கஸ்டமர் இன்ஸ்பெக்ஷன் ரூமில் ஏசியை 18ல் வைத்து அளந்தால் உங்கள் அளவும் அவர் அளவும் பொருந்தவே பொருந்தாது. ரெண்டு பேரும் 23 டிகிரியில் அளப்பது என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெட்டுவதில் அது சாது, டூல் கூர்மையாக இருந்தால் போதும், அழுத்தினால் நகர்ந்து கொடுக்கும், வெட்டு முடிந்ததும் திரும்ப வரும்.

ஹைலம் கை

கிளாஸ் ஃபில்டு (கண்ணாடி இழை கலந்த) நைலான், ஹைலம் (பிசின் ஏற்றிய அடுக்குத் தகடு), கிளாஸ் எபாக்சி ஓட்டுபவர்கள் மேலே சொன்ன ஸ்பீடை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கண்ணாடி இழை டூல் முனையைச் சாப்பிட்டுவிடும். நிமிடத்துக்கு 100 மீட்டருக்குள் வைத்து கார்பைடு, வேலை அதிகம் என்றால் பிசிடி (செயற்கை வைர முனை). ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பத்து ஓட்டைக்குத் தாங்காது. தூசி மூக்கில் போகாமல் மாஸ்க், வேக்குவம் ரெண்டும் வேண்டும், அரிப்பு வந்தால் ராத்திரி தூங்க முடியாது.

டூல்ரூம் பெரியவர்

தம்பி, மேலே கண் எரிகிற வாடை என்று எழுதியிருந்தீர்கள், அதை விட்டுவிட்டேன். டெல்ரின் அதிகச் சூட்டில் சிதைந்தால் வருவது ஃபார்மால்டிஹைடு. அந்த வாடை வந்தால் மெஷினை நிறுத்துங்கள், ஃபேன் போட்டுக்கொண்டு ஓட்டுவது வழியல்ல. இன்னொன்று, டெல்ரின் சில்லுக் குவியலில் தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மங்கலாக எரியும். கிரைண்டிங் வீல் பக்கத்தில் சில்லு மூட்டையை வைக்காதீர்கள்.

சிட்கோ தம்பி

ஓட்டிவிட்டேன்! ஒற்றை ஃப்ளூட் கடையில் கிடைக்கவில்லை, அலுமினியத்துக்கான ரெண்டு ஃப்ளூட் புதுசாக வாங்கினேன். வேஸ்ட் துண்டில் முதலில் 8000க்கு ஃபீட் 800 வைத்தேன், சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்றார். ஒட்டவில்லை, ஆனால் சில்லு மாவாக வந்தது. ஓவர்ரைடில் (ஃபீடைக் கூட்டிக் குறைக்கும் திருகு) ஏற்றிக்கொண்டே போய் 1600 வந்ததும் தேங்காய்த் துருவல் மாதிரி தனித்தனியாகத் தெறித்து விழுந்தது. தொட்டுப் பார்த்தால் ஜாப் சில்லென்று இருக்கிறது, சில்லுதான் வெதுவெதுப்பு. சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லாமல் ஏர் கன்னை எடுத்துவந்து பாக்கெட்டுக்குள் ஊதிக்கொண்டு நின்றார்.

ஆனால் நாலு மூலையிலும் சுவரில் அதிர்வுக் கோடு விழுகிறது. மற்ற இடமெல்லாம் சுத்தம்.

டூல்ரூம் பெரியவர்

மூலை ஆரம் 3, டூலின் ஆரமும் 3. மூலைக்குள் போனதும் டூல் ரெண்டு சுவரையும் ஒரே நேரத்தில் தொட்டு, திசை மாறுவதற்கு ஒரு கணம் நின்றுவிடுகிறது. அங்கே தேய்ப்பும் அதிர்வும். ஃபினிஷுக்கு 5 மி.மீ டூல் போட்டு மூலையில் ஆர்க்காகச் சுற்றி வரச் சொல்லுங்கள். 6 மி.மீயை ரஃபிங்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மைக்ரான் பைத்தியம்

ஆறிய பிறகு அளவு என்ன?

சிட்கோ தம்பி

இறக்கியதும் 40.01, காலையில் 40.00. 5 மி.மீ டூலில் மூலையும் சுத்தமாகிவிட்டது. அதே பிளேட்டில் டயா 10 ஓட்டை நாலு இருக்கிறது, 10 டிரில் போட்டால் 9.9 பின் கேஜ்தான் (துளையை அளக்கும் உருளை) போகிறது. டிரில்லை அளந்தேன், சரியாக இருக்கிறது.

ஓசூர் டர்னர்

போகும்போது மெட்டீரியல் டிரில்லுக்கு வழி விட்டு, டிரில் வெளியே வந்ததும் மூடிக்கொள்கிறது, அதோடு சூடும் சேர்ந்துகொள்கிறது. 1500 ஆர்பிஎம், சுற்றுக்கு 0.2 ஃபீட், நடுநடுவில் முழுக்க வெளியே எடுத்துச் சில்லைத் தட்டிவிட்டு இறங்குங்கள், பாதியில் நின்று தேய்க்க விடாதீர்கள். அளவு கச்சிதமாக வேண்டுமென்றால் 9.7ல் டிரில் போட்டு, 5 மி.மீ எண்ட்மில்லால் சுற்றிச் சுற்றி 10க்கு எடுத்துவிடுங்கள், ரீமர் தேட வேண்டாம்.

சிட்கோ தம்பி

செய்கிறேன் அண்ணா. அடுத்து அதே கஸ்டமர் பீக் (அதிகச் சூடு தாங்குகிற பிளாஸ்டிக்) ராடு அனுப்புவதாகச் சொல்கிறார், டயா 60, நடுவில் 30 ஓட்டை. கிலோ விலையைக் கேட்டுத் தலை சுற்றியது. இதே ஸ்பீடில் போகலாமா?

டூல்ரூம் பெரியவர்

ஃபில்லர் இல்லாத பீக்தானா, கார்பன் அல்லது கிளாஸ் கலந்ததா என்று முதலில் கேளுங்கள், கலந்தது என்றால் ஹைலம் கை சொன்னதுதான். ஃபில்லர் இல்லை என்றால் டர்னிங்குக்கு 150 மீட்டர் பக்கம் வைக்கலாம், 343 டிகிரிக்கு உருகுகிற மெட்டீரியல், ஒட்டாது. பயம் டிரில்லிங்கில்தான். 30 ஓட்டையை மழுங்கின டிரில்லால் ஒரே தள்ளாகத் தள்ளினால் உள்ளே சூடு ஏறி ராடு நீளவாக்கில் வெடித்துவிடும். 12ல் ஆரம்பித்து போரிங் பாரால் பெரிதாக்குங்கள். டிராயிங்கில் அனீலிங் (சூடாக்கி மெதுவாக ஆற விட்டு உள் இறுக்கத்தைத் தளர்த்துவது) பற்றி ஏதாவது போட்டிருக்கிறார்களா பாருங்கள். போட்டிருந்தால் ரஃபிங்குக்கு அப்புறமா, ஃபினிஷுக்கு அப்புறமா என்பதை ராடை வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.